இத்தாலிக்கு வரச்சொல்லி நீ ஒருமுறைதான் கேட்டாய்

தம்பி,

இத்தாலியில் தங்குவதற்கென்று நீ அனுப்பிய மூன்று வீடுகளையும் பார்த்துவிட்டேன். கந்தோரில் காணித் தகராறு ஒன்றுக்கு வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துப் பார்ப்பதைப்போல, ஒவ்வொரு படத்தையும் பெருப்பித்துப் பார்த்தேன். "எந்த வீடு நல்லது எண்டு அம்மா சொன்னால் அதையே பிடிக்கிறம்" என்று நீ குரல் பதிவு அனுப்பி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. இடையில் நினைவூட்டியும் பார்த்தாய். கந்தோரில் வேலை கூட என்றேன். வேலை கூடத்தான், ஆனால் நான் பதில் சொல்லாமல் இருந்தது அதனால் அல்ல. எந்த வீடு என்பதை இந்தக் கடிதத்தின் முடிவில் எழுதுகிறேன். அதற்கு முன் சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. போனில் அதைச் சொல்ல எனக்கு வராது. தொடங்கினால் பாதியில் நிறுத்திவிட்டு "சாப்பிட்டியோ" என்று கேட்டுவிடுவேன். மற்றவர்களும் வாசிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு இங்கே இருக்கும் பெண்கள் எங்கள் ஒழுங்கையிலேயே பலர். அவர்களில் ஒருத்தியாவது நான் செய்ததைச் செய்துகொண்டிருப்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்காது. நான் குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். போன் சீனிப் போத்தலில் சாய்ந்திருந்தது. உனக்குப் பின்னால் அபிராமி துணி மடித்துக்கொண்டிருந்தாள். கலியாணம் முடிந்து லண்டன் போனபின் நீங்கள் இரண்டு பேரும் எங்கேயும் போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாய். பிறகு கேட்டாய்.

"அம்மா, நாங்கள் செப்ரெம்பரிலை இத்தாலிக்குப் போகப்போறம். நீங்களும் வாறீங்களோ?"

"எனக்கேன் தம்பி உந்த இத்தாலி? இளம் பிள்ளையள் நீங்கள் போட்டு வாங்கோ."

"சரி அம்மா."

அவ்வளவுதான். அடுத்த வசனத்தில் நீ இங்கே மழை பெய்ததா என்று கேட்டாய். பெய்தது என்றேன். இலை எல்லாம் போனபிறகும் வெறும் காம்பை நான் உருவிக்கொண்டிருந்தது போனில் தெரிந்திருக்காது.

நான் எதிர்பார்த்தது "என்னம்மா, வாங்கோவன்" என்ற ஒரு சொல். அதற்கு "விசா எடுக்கிறது பெரிய கரைச்சல்" என்றிருப்பேன். நீ "அதை நான் பாக்கிறன்" என்றிருப்பாய். "அப்பாவை ஆர் பாக்கிறது" என்றிருப்பேன். அப்பா விறாந்தையிலிருந்து "நான் என்ன தொட்டில் பிள்ளையே" என்று குரல் கொடுத்திருப்பார். அதற்குப் பிறகு, வேறு வழியில்லாதவளைப்போல, "சரி, நீ இவ்வளவு சொல்லுறாய்" என்று ஒத்துக்கொண்டிருப்பேன். முழுவதும் என்னிடம் ஆயத்தமாக இருந்தது. அன்று பின்னேரம் அலுமாரியைத் திறந்து என் கடவுச்சீட்டு இன்னும் செல்லுபடியாகுமா என்று பார்த்தேன். காங்கேசன்துறையில் கப்பல் ஏறி நாகப்பட்டினம் போய்வந்த முத்திரைகளைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. காலாவதியாக இன்னும் காலம் இருந்தது. திரும்ப வைத்துப் பூட்டினேன். உன் அப்பா இதைப் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு நீ சொன்னாய், "மாமி வாறா அம்மா. கேட்டு வாய் மூட முதலே ஓம் எண்டிட்டா. தொப்பியும் வாங்கிப்போட்டா." மாமி என்று நீ சொன்னது லண்டனில் இருக்கும் அபிராமியின் தாயை. வாசிக்கும் மற்றவர்களுக்காக இதைச் சொல்கிறேன். "நல்லது" என்றேன். உண்மையில் அன்று முழுவதும் அந்தத் தொப்பியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு தொப்பியை நாள் முழுவதும் நினைப்பேன் என்று யாராவது முன்னர் சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன்.

உன்னில் பிழை சொல்வது நியாயமில்லை என்று பிறகு யோசித்தபோது விளங்கியது. எங்கள் வீடுகளில் ஒருவர் வந்தால் தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்போம். "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பார் அவர். அதைக் கேட்டதும் நாங்கள் குசினிக்குப் போய் அடுப்பை மூட்டுவோம். அவர் உண்மையிலேயே குடித்துவிட்டு வந்தார் என்று ஒருவரும் நினைப்பதில்லை. அந்த "வேண்டாம்" என்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்காரி கதிரையில் இருந்துவிட்டால், அந்தக் கதை ஊரில் வருடக் கணக்காக நடமாடும்.

உனக்கு ஆறோ ஏழோ வயது. அச்சுவேலியில் ஒரு புதுவீட்டுக் குடிபூரலுக்குப் போயிருந்தோம். வீட்டுக்காரி பயத்தம்பணியாரத் தட்டை நீட்டினார். நீ "ஓம், ரெண்டு வேணும்" என்றாய். அவர் சிரித்தார். நான் மேசைக்குக் கீழே உன் தொடையில் கிள்ளினேன். வரும் வழியில், சைக்கிளில் எனக்கு முன்னால் இருந்துகொண்டு, ஏன் கிள்ளினீங்கள் என்று கேட்டாய்.

"கேட்ட உடனை ஓம் எண்டு சொல்லக்கூடாது. முதல் வேண்டாம் எண்டு சொல்லோணும்."

"அப்ப அவை தராட்டி?"

"தருவினம்."

"தராட்டி?"

"தருவினம் எண்டுறன். திருப்பிக் கேப்பினம்."

அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் நீ, கண் தட்டிலேயே நிற்க, வாயால் "வேண்டாம்" என்றாய். எனக்குப் பெருமையாக இருந்தது. பத்தொன்பது வயதில் லண்டனுக்குப் படிக்கப் போனாய். முதல் வருடம் ஒருநாள் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாய். கூடப் படித்த பெடியன் ஒருவனின் வீட்டில் சாப்பிடுகிறாயா என்று கேட்டார்கள், நீ வேண்டாம் என்றாய், அவர்கள் சாப்பாட்டுக் கோப்பையைத் தூக்கித் திரும்ப அலுமாரியில் வைத்தார்கள், நீ பசியோடு பஸ் ஏறினாய். நானும் சேர்ந்து சிரித்தேன். "இனி நான் கேட்ட உடனை ஓம்தான் அம்மா" என்றாய். நீ அப்படித்தான் அங்கே வாழப் பழகினாய். பதில் சொல்வது எப்படி என்று உனக்கு நான் பழக்கியிருந்தேன். திருப்பிக் கேட்பது எப்படி என்று பழக்கவில்லை. வீட்டில் கேட்பது எப்போதும் என் வேலையாக இருந்தது.

இவ்வளவும் விளங்கியும் மனம் ஆறவில்லை. பொறாமை என்ற சொல்லை எழுதுவது எனக்கு இலகுவல்ல. ஆனால் வேறு சொல் பொருந்தாது. உன் மாமி கலியாணத்தில் மணப்பெண்ணின் தாயாக, மணவறைக்குப் பக்கத்தில் வெள்ளைச் சப்பாத்தோடு நின்றார். படம் பிடித்தவன் சிரிக்கச் சொன்னதும் வாய் நிறையச் சிரித்தார். என்னைச் சிரிக்கச் சொன்னபோது நான் சேலைத் தலைப்பைச் சரிசெய்தேன். ஐஸ்கிறீம் கொண்டுவந்தவர்களிடம் "இன்னொண்டு தாரும் ராசா" என்று கேட்டு வாங்கினார். நான் முதலாவதையே வேண்டாம் என்றேன். அவர்கள் திருப்பிக் கேட்டுத் தந்தார்கள் என்பது வேறு. போன மாதம் நீ அனுப்பிய படத்தில் ஏதோ சந்தையில் அவருடைய பையை நீ தோளில் கொழுவிக்கொண்டு நிற்கிறாய். அந்தப் படத்தை நான் நல்லாயிருக்கு என்றேன். பெருப்பித்துப் பார்த்தபோது பைக்குள் வெண்டைக்காய் தெரிந்தது. உனக்கு வெண்டைக்காய் விருப்பம் என்று அவருக்கு யார் சொன்னது? எல்லாவற்றையும்விட, நீ அவருடைய வீட்டிலிருந்து என்னோடு கதைத்துக்கொண்டிருக்கும்போது சமையலறையிலிருந்து அவர் "தம்பி, புட்டு ஆறுது, வாரும்" என்பார். அந்த இடத்தில் எனக்கு உள்ளே ஒன்று சுருங்கும். உலகத்தில் எல்லாரும் எல்லாரையும் தம்பி என்பார்கள். எனக்குத் தெரியும். தெரிந்தும் சுருங்கும்.

இந்த மனத்தோடுதான் உன் வீடுகளைப் பார்க்க இருந்தேன். உன் அப்பாவிடம் முதலில் கேட்டேன். நீர்வேலித் தோட்டத்திலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "பலெர்மோவிலை எங்கடை சனம் நிறைய எல்லோ? ஒராளைப் பிடிச்சா வீட்டிலை நிக்கலாம். சொந்தக்காரர் இருக்கிற நாட்டிலை காசு குடுத்து நித்திரை கொள்ளுறதே?" என்றார். இத்தாலியும் பலெர்மோவும் அவருக்கு ஒன்று. உங்கள் பயணம் அந்தப் பக்கம் போகவில்லை என்றேன். "அப்ப அவைக்குத் தெரியாமல் போட்டு வரச்சொல்லும். தெரிஞ்சால் கோவிப்பினம்" என்றார்.

ரோம் நகரில் புகையிரத நிலையத்துக்குப் பக்கத்து மாடி வீட்டை முதலில் தள்ளினேன். எல்லாப் படமும் கட்டிலின் ஒரே மூலையில் நின்று எடுத்தவை. யன்னல் ஒன்று இருக்கிறது, திரை மூடியபடி. தங்கிப் போனவர்கள் வீட்டுக்காரர் நல்லவர் என்று எழுதியிருக்கிறார்கள். நன்றாக நித்திரை கொண்டோம் என்று ஒருவரும் எழுதவில்லை. இரண்டாவது, நேப்பிள்ஸுக்குத் தெற்கே மலைச்சரிவில் உள்ள வெள்ளை வீடு. அபிராமிக்கு அதில்தான் கண் என்று நீ சொன்னாய். கடலுக்கு ஐந்து நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தில் பார்த்தேன், தரையின் உயரத்தையும் பார்த்தேன். ஐந்து நிமிடம் இறங்குவதற்கு. ஏறுவதற்கு எவ்வளவு என்று போடவில்லை. தெருவிலிருந்து வாசல்வரையும் படி, வாசலிலிருந்து அறைவரையும் படி. மூன்றாவது, ரோமுக்கு வடக்கே தொஸ்கானாவில் ஒலிவ் தோப்புக்கு நடுவில் ஒரு பழைய தோட்ட வீடு. அதைப் பிறகு சொல்கிறேன்.

உனக்குப் பதில் எழுத இருந்தேன். மலைச்சரிவு வீடுதான் சிறந்தது என்று எழுதினேன். காற்று நல்லது, காட்சி நல்லது, செப்ரெம்பரில் மழை குறைவு. எல்லாம் உண்மை. படியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. உன் அப்பா எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"உது என்ன, படியே?"

"ஓம்."

"கனக்கப் படி."

"மலையெண்டால் படி இருக்கும்தானே."

"அந்த மனிசிக்கு முழங்கால் ஏலாதெல்லோ? கலியாணத்திலை சப்பாத்துப் போட்டதும் அதுக்குத்தானே."

"தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ எழுதுறீர்?"

நான் மடிக்கணினியை மூடினேன். அவர் போகவில்லை. "இஞ்சரும், அலுமாரிக் கதவிலை பாஸ்போட் நுனி வெளியிலை நிக்குது. பூட்டேக்கை பாத்துப் பூட்டும்" என்றார். இத்தாலிக்கு வரச்சொல்லி உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று, கதையை மாற்றுவதற்காகக் கேட்டேன்.

"நான் வேண்டாம் எண்டுவன். வாழைக்குலை வெட்டுற நேரம். ஆனால் நான் வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். உம்மடை வேண்டாம் அந்தச் சாதி இல்லை."

எழுதியதை அழித்துவிட்டேன். ஆனால் வேறொன்றும் எழுதவில்லை. இரண்டு நாள் கழித்து உன் மாமியே எனக்குப் போன் எடுத்தார். இதை உனக்கு அவர் சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

"தங்கச்சி, நீர் வரேல்லையாம். ஏன்?"

"எனக்கு உதுகளிலை பெரிய விருப்பமில்லை அக்கா."

"சும்மா சொல்லாதையும். புவியியல் படிச்ச மனிசிக்கு இத்தாலி விருப்பமில்லையோ? வாரும்."

"கந்தோரிலை லீவு எடுக்கிறது கஸ்ரம்."

"வாரும் எண்டுறன். இந்த ரெண்டும் ஒண்டையொண்டு படம் எடுக்குங்கள். நான் ஆரோடை கதைக்கிறது? பிறகு எனக்கு முழங்கால் ஒப்பரேசன். அதுக்கு முதல் என்ரை காலாலை ஒருக்கா நடந்து பாக்கோணும் எண்டுதான் கேட்ட உடனை ஓம் எண்டனான். வெக்கம் பாக்க எனக்கு நேரமில்லை."

"இல்லை அக்கா, நீங்கள் போட்டு வாங்கோ."

அங்கே குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னார், "மூண்டு தரம் கேட்டிட்டன். இனிக் கேக்கமாட்டன். உம்மடை மகன்ரை பயணம், நீர்தான் சொல்லோணும்." வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். "அவன் இஞ்சை சாப்பிட்டால் தன்ரை கோப்பையைக் கழுவி வைச்சிட்டுத்தான் போவான். என்ரை மகள் வைக்கமாட்டாள். ஆர் பழக்கினது எண்டு கேட்டனான். உம்மைச் சொன்னவன்." என்னைச் சந்தோசப்படுத்துவதற்காகச் சொன்னாரோ என்று கன நேரம் யோசித்தேன். நான் இலகுவில் நம்புகிறவள் அல்ல. முடிவுக்கு வரவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

யோசித்துப் பார். நான் உன்னிடம் எதிர்பார்த்ததை எல்லாம் அவர் செய்தார். திருப்பிக் கேட்டார், காரணம் சொன்னார், மீண்டும் கேட்டார். ஊர் வழக்கப்படி அந்த இடத்தில் நான் "சரி, நீங்கள் இவ்வளவு சொல்லுறியள்" என்றிருக்கவேண்டும். சொல்லவில்லை. என் மகனின் பயணத்துக்கு என்னை அழைக்க இவர் யார் என்றுதான் உள்ளே ஓடியது. ஆகவே நீ திருப்பிக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நியாயமும் எனக்கு இல்லாமற்போய்விட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. அவர்மேல் மட்டும் பொறாமை என்று எழுதினால் அது பாதிதான். கம்பஸில் இரண்டாம் வருடம் மத்தியதரைக் காலநிலைப் பிரதேசத்தை வரைந்து கொடுக்கச் சொன்னார்கள். மின்சாரம் இல்லாத காலம். விளக்கைப் பக்கத்தில் வைத்து, இத்தாலியின் கரையை மையால் இழுத்து, அப்பினைன் மலைக்கு மண்ணிறம், போ நதிச் சமவெளிக்குப் பச்சை தீட்டினேன். குளிர்காலத்தில் மழை, கோடையில் வறட்சி, ஒலிவ், திராட்சை என்று சோதனையில் எழுதி நல்ல புள்ளி எடுத்தேன். அதற்குப் பிறகு வேலை, கலியாணம், நீ, இடப்பெயர்வு, திரும்பி வந்தது. இத்தாலியை நினைக்கவில்லை. நினைக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். நீ அந்த வீடுகளை அனுப்பியதும் ஒலிவ் மரங்கள் நான் தீட்டிய நிறத்தில் இல்லை என்று கண்டேன். பச்சையே இல்லை, சாம்பல் கலந்திருக்கிறது. அதை நீ நேரில் பார்ப்பாய். உன் மாமி தொப்பி போட்டுக்கொண்டு பார்ப்பார். நான் கந்தோரில் வேறு யாரோ ஒருவருடைய காணியின் எல்லையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு தாய் தன் பிள்ளையின் கண் காணப்போவதை நினைத்து எரிச்சல்படுவாளா என்று கேட்டால், படுவாள்.

இனி வீடு. தொஸ்கானாத் தோட்ட வீட்டைப் பிடி. அபிராமிக்குக் கடல் இல்லை என்று கவலை வரும், அதை நீ சமாளி. வீட்டுக்காரரிடம் மூன்று விடயம் கேள். கீழ்த்தளத்துக் குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இருக்கிறதா? யன்னல்களுக்கு நுளம்பு வலை இருக்கிறதா? கடைக்கு நடந்து போகலாமா, கார் வேண்டுமா? கார் வேண்டும் என்றுதான் வரைபடம் சொல்கிறது. அவர்கள் இல்லை என்றால் நம்பாதே. கீழே உள்ள அறை மாமிக்கு. அவர் மேலே ஏறிப் பார்க்கிறேன் என்று அடம்பிடிப்பார், விடவேண்டாம். மேலே இரண்டு அறை. முன்பக்கத்து அறை உங்களுக்கு. பின்பக்கத்து அறையின் யன்னல் கிழக்குப் பக்கம், மலை வரிசை தெரியும். தோப்பும் தெரியும். கட்டில் சிறியது, ஒருவருக்குப் போதும்.

அந்த அறை எனக்கு.

நீ என்னைத் திருப்பிக் கேட்கவில்லை. இனிக் கேட்கவேண்டாம். கேட்டால் நான் மறுபடியும் வேண்டாம் என்றுவிடுவேன். நானே சொல்கிறேன், எனக்கு வர விருப்பம். விசாவுக்கு உன் பக்கத்தால் என்ன வேண்டும் என்று பார்த்து அனுப்பு. லீவு நாளைக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாமிக்கு நானே போன் எடுத்துச் சொல்கிறேன். நீ சொல்லவேண்டாம், அது எனக்கும் அவருக்கும் இடையில் உள்ளது. ஒரு நாள் மட்டும், நீயும் நானும் தனியாக, அந்த மலைச்சரிவுக் கரைக்குப் போகவேண்டும். தொஸ்கானாவிலிருந்து தூரம் என்று எனக்குத் தெரியும். ரயில் இருக்கிறது. படிகளில் நான் ஏறுவேன். வரும்போது மாமிக்கும் அபிராமிக்கும் ஏதாவது வாங்கிக்கொண்டு வரலாம்.

அந்த வீட்டுக் குசினியிலிருந்து நாங்கள் இரண்டு பெண்களும் உன்னைத் தம்பி என்று கூப்பிடுவோம். அவருடைய குரல் பெரிது, அதுதான் முதலில் கேட்கும். அவருக்குப் பதில் சொல்லு. நான் ஒன்றும் நினைக்கமாட்டேன் என்று மட்டும் பொய் சொல்லமாட்டேன். முதல் நாள் காலையில் தேத்தண்ணி வேணுமோ என்று என்னைக் கேட்பாய். பழக்கத்தில் வேண்டாம் என்பேன். நீ அடுப்பை மூட்டு. மாமிக்கு ஊற்றுவதற்கு முன் எனக்கு ஊற்று.

அம்மா